அக்கா மூன்றாவது முறையும் திரும்பிப் போய்விட்டாள்

கேள்வி: என் அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. மாமா நல்ல வேலையில் இருக்கிறார், வெளியில் எல்லோரிடமும் தன்மையாகப் பேசுவார். வீட்டில் அடிக்கிறார். குடித்தால்தான் அடிப்பார் என்கிறார் அம்மா. கோபம் வந்தால் அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது என்று அக்காவே சொல்கிறாள். போன மாதம் மூன்றாவது முறையாகப் பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வரும்போது குரல் கம்மியிருந்தது, சளி என்றாள். பன்னிரண்டு நாள் இருந்தாள். பையனுக்கு ஆறு வயது. ஆடுகிற முன்பல்லை நாளைக்கு நாலு தடவை என்னிடம் கொண்டுவந்து காட்டுவான். ஆனால் வாசலில் சாவிச் சத்தம் கேட்டால் போதும், டி.வி.யை அணைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவான், வருவது நானாகவே இருந்தாலும். பதின்மூன்றாம் நாள் மாமா வந்து அழுதார். அக்கா கிளம்பிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "இப்போ போனா, இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகப் பேச்சில்லை. அவளுக்கே அக்கறை இல்லாதபோது நாங்கள் என்ன செய்வது? நேரில் போய் அந்த ஆளை நாலு சாத்து சாத்தினால்தான் அடங்குவார் என்று தோன்றுகிறது. செய்யலாமா?

பதில்: தம்பி என்றே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கடிதத்தை அப்படித்தான் முடித்து, பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "குரல் கம்மியிருந்தது, சளி என்றாள்." சளியாகவே இருக்கலாம். ஆனால் அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த ஒரு பெண்ணுக்குக் குரல் கம்மியிருக்கிறது என்றால், எங்களைப் போல் ஆலோசனை வேலையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "கழுத்தைப் பிடிச்சாரா?" என்பதுதான். பொதுவாக "அடிச்சாரா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். கழுத்தைப் பிடித்ததை அடியாக அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. காயம் தெரியாது, ரத்தம் வராது. "சும்மா பிடிச்சார், விட்டுட்டார்" என்பார்கள்.

அது சும்மா இல்லை. கழுத்தின் இரு பக்கமும் ரத்தக்குழாய்கள் அழுந்தினால் பத்து வினாடிக்குள்கூட நினைவு தப்பிவிடும். வெளியே ஒரு தழும்பும் இல்லாமல் உள்ளே சேதம் இருக்கலாம். குரல் மாறுவது, விழுங்கும்போது வலிப்பது, கண்வெள்ளையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், நடந்ததில் கொஞ்ச நேரம் ஞாபகமே இல்லாமல் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, துணைவரால் ஏற்கெனவே கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அவர் கையாலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று கண்டது. அதனால்தான் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்று எடைபோடும்போது, எத்தனை தடவை அடித்தார் என்பதற்கு முன்னால் கழுத்தைப் பற்றிக் கேட்கிறோம். மாதங்கள் ஆகிவிட்டாலும் பரவாயில்லை, அப்படி ஒன்று நடந்திருந்தால் அவள் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். நடந்தது இன்னதென்று அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலைவலி, தலைசுற்றல், கை கால் மரத்துப்போவது இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

இனி கோபத்துக்கு வருவோம். கண்ணு மண்ணு தெரியாத கோபம் என்கிறீர்கள். இதைச் சொல்லி வருகிறவர்களிடம் நான் கேட்பது ரொம்பச் சாதாரணமான கேள்விகள். அவர் மேலதிகாரியை எத்தனை தடவை அறைந்திருக்கிறார்? கோபத்தில் உடைத்த போன் யாருடையது, அவருடையதா, அவளுடையதா? அடி எங்கே விழுகிறது, முகத்திலா, துணி மறைக்கிற இடத்திலா? நடுவில் வாசலில் மணி அடித்தால் என்ன ஆகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சட்டையைச் சரிசெய்துகொண்டு போவார், கதவைத் திறப்பார், "வாங்க வாங்க, எப்படி இருக்கீங்க?" என்பார். அரை நிமிஷத்தில் இறங்கிவிடுகிற கோபத்துக்குக் கண்ணும் தெரியும், மண்ணும் தெரியும். யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டினால் வேலை போகும் என்கிற விவரமும் தெரியும்.

குடியும் அப்படித்தான். குடித்த நாளில் அடி கூடுகிறது, பலமாக விழுகிறது, இதில் சந்தேகமே இல்லை. குடிக்குச் சிகிச்சை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் குடியை விட்ட பிறகும் அடிப்பதை விடாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு யார் மேலும் கை வைக்காமல் படுத்துத் தூங்குகிறவர்கள் அவர்களைவிட அதிகம். அம்மா குடியைக் காரணமாகப் பிடித்துக்கொள்வதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பாட்டிலைக் குறை சொன்னால் மருமகனைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் துலூத் என்று ஒரு ஊர். 1980-களின் தொடக்கத்தில் அங்கே அடிபட்ட பெண்களைக் குழுவாக உட்காரவைத்து, வீட்டில் என்னவெல்லாம் நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு சக்கரம் வரைந்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆலோசகர்கள் அதைப் பயன்படுத்துகிறோம். அதில் அடி உதை இருப்பது சக்கரத்தின் வெளிவிளிம்பில்தான். உள்ளே ஆரங்களாக மற்றவை இருக்கும்: கைச்செலவுக்குக்கூடக் கணக்குக் கேட்பது, சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது, யாரோடு பேசினாய் என்று குடைவது, பிறந்த வீட்டைப் பற்றி மட்டமாகப் பேசிப் பேசிப் போக்குவரத்தைக் குறைப்பது, பிள்ளையைப் பறித்துக்கொள்வேன் என்று மிரட்டுவது, "நீயே ஒரு பைத்தியம்" என்று அவளையே நம்பவைப்பது. நடு அச்சில் எழுதியிருப்பது, அதிகாரமும் கட்டுப்பாடும். அடி என்பது மாதத்துக்கு ஒரு முறை, ஏன், வருஷத்துக்கு ஒரு முறை விழுந்தால்கூடப் போதும். மற்ற நாட்களில் ஒரு பார்வையே வேலையை முடித்துவிடும். உங்கள் அக்கா வீட்டில் அடியை மட்டும்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவள் கையில் பணம் இருக்கிறதா, போன் யார் கையில் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரே காரணம் சொல்ல முடியாது. சின்ன வயசில் அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் அப்படி வளர்ந்த எல்லோரும் அடிப்பதில்லை. கடன், வேலை போவது எல்லாம் எரிகிறதில் எண்ணெய் ஊற்றும். இவற்றையெல்லாம் தாங்கிப்பிடிப்பது ஒன்றுண்டு: அடித்தால் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற நிச்சயம். அந்த நிச்சயத்தை அவர் தனியாகத் தயாரித்துக்கொள்ளவில்லை. சுற்றி இருக்கிறவர்கள் கொடுத்தது. முதல் முறை அக்கா வந்தபோது உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்தது? அநேகமாக, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." மாமாவிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா? உலகத்தில் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், துணைவரிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையையோ, வேறொருவரிடமிருந்து பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. இத்தனை கோடிப் பேரையும் ஒரு சில முரடர்கள் மட்டும் அடித்திருக்க முடியாது.

சரி, ஏன் திரும்பிப் போனாள்?

உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் இதை ஒரு சுழற்சியாக எழுதினார். முதலில் வீட்டில் இறுக்கம் ஏறும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அப்புறம் ஒரு நாள் வெடிக்கும். அதன் பிறகு அழுகை, சத்தியம், பரிசு, "நீ இல்லாம நான் செத்துடுவேன்." எல்லா வீட்டிலும் இது இந்த ஒழுங்கில் நடப்பதில்லை. மன்னிப்பே கேட்காத ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் மாமா பதின்மூன்றாம் நாள் வந்து அழுதது இதில் அப்படியே பொருந்துகிறது. அந்த அழுகை நடிப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு நிஜமாகவே இருக்கலாம். அவள் கல்யாணம் செய்துகொண்டது அந்த அழுகிற மனிதரைத்தான். அவர் திரும்பி வந்துவிட்டார் என்று நம்புகிறாள், அவ்வளவுதான். நம்பிக்கைக்கு அடியில் கணக்கும் இருக்கும்: பையனின் பள்ளிக்கூடம், கையில் இல்லாத காசு, தம்பி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்ற கூச்சம், "வரலைன்னா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்று அவர் யாருக்கும் கேட்காமல் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வார்த்தை.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. அவள் வீட்டைவிட்டு வெளியேறினால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். பிரிந்து போகும் நேரமும் அதற்கடுத்த சில மாதங்களும்தான் மிக மோசமானவை, ஏனென்றால் பிடி நழுவுவதை அந்த ஆள் உணர்வது அப்போதுதான். 2023-இல் மட்டும் உலகத்தில் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. கணக்கிட்டது. நாளுக்கு 140 பேர். நீங்கள் அக்கறை இல்லை என்று எழுதிய அந்த அக்கா, திரும்பிப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது எந்தப் பக்கம் ஆபத்து அதிகம் என்று எடைபோட்டிருக்கலாம். அந்த ஆளைப் பற்றி உங்களையும் என்னையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். பலமுறை போய்ப் போய் வந்துதான் ஒருவழியாக வெளியே வருகிறார்கள். மூன்றாவது முறை வந்ததே பெரிது. இங்கே வரலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஒரு இடத்தைத்தான், தம்பி, நீங்கள் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லி மூடியிருக்கிறீர்கள். மாமாவுக்கு இதைவிட ஒரு உதவி யாரும் செய்திருக்க முடியாது. அவர் எட்டு வருஷமாக முயன்றதை நீங்கள் ஒரு வாக்கியத்தில் செய்துவிட்டீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆற்றாமையில் வந்த வார்த்தை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நாலு சாத்து சாத்தலாமா என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம். நீங்கள் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், இரவு அவரோடு இருக்கப்போவது அவள். நீங்கள் கொடுத்த நாலும் அவளிடம் போய்ச் சேரும். போலீஸில் உங்கள் பெயரும் ஏறும்.

பெரியவர்களை வைத்து இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசலாம் என்று யாராவது கிளம்பினால் அதையும் தடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தம்பதியை ஒரே அறையில் எதிரெதிரே உட்காரவைத்து, மனசுவிட்டுப் பேசுங்கள் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் நம்பிப் பேசினாள். அடுத்த வாரம் இரண்டு பேரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் மட்டும் வந்தாள், முன்கையில் மாவுக்கட்டு. "நீங்க பேசச் சொன்னீங்க, பேசினேன்" என்றாள். குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை. அன்றிலிருந்து அடி நடக்கிற வீட்டில் கணவனையும் மனைவியையும் நான் ஒன்றாக உட்காரவைப்பதில்லை.

பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, சாவிச் சத்தம் கேட்டதும் டி.வி.யை அணைத்துவிட்டு ஓடுகிறான் என்று. உங்கள் வீட்டில், நீங்கள் வரும்போதே ஓடியிருக்கிறான். "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, தூங்கிட்டிருப்பான்" என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். தூங்குவதில்லை. அவன் உடம்பு எந்நேரமும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. இப்படி வளரும் பிள்ளைகளுக்குப் படிப்பில் மனம் நிற்காது, படுக்கை நனையும், காரணம் தெரியாத வயிற்றுவலி வரும். அவனுக்கு நீங்கள் செய்யக்கூடியது, "சண்டை வந்தா நடுவுல போகாதே, தப்பு உன்மேல இல்லை, இந்த நம்பருக்குப் போன் பண்ணு" என்று மூன்று விஷயங்களைச் சொல்லிக்கொடுப்பது. ஆறு வயதுக்கு இது போதும். உங்கள் அக்காவுக்கும் இது உடம்புக் காயத்தோடு நிற்பதில்லை. துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் சொன்னது. அவள் மந்தமாக, முடிவெடுக்க முடியாமல், நீங்கள் சொல்வதெல்லாம் காதில் விழாதவள்போல உங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்திருப்பாள். அது அக்கறையின்மை மாதிரியே தெரியும்.

மாமா மாறுவாரா என்று நீங்கள் கேட்கவில்லை, அக்கா கேட்பாள். சிலர் மாறுகிறார்கள். அடிக்கிறவர்களுக்கென்றே மாதக்கணக்கில் நடக்கும் வகுப்புகள் சில நாடுகளில் இருக்கின்றன, பலன் கலவையாகத்தான் இருக்கிறது. நான் பார்க்கிற அடையாளம் ஒன்றுதான்: "நான் அடிச்சேன், ஆனா அவ..." என்று தொடங்குகிறவர் இன்னும் மாறவில்லை என்று அர்த்தம். அந்த "ஆனா" போக வேண்டும். அப்புறம், அவள் திரும்பி வர மறுத்தாலும் வகுப்புக்குத் தொடர்ந்து போகிறாரா என்று பார்க்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. அக்காவின் போனை அவர் பார்ப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எழுத்தில் எதுவும் வேண்டாம், அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் பேசுங்கள். கிளம்பு என்று நெருக்காதீர்கள், ஏற்கெனவே ஒருவர் அவளுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறார். உங்களுக்குள் ஒரு சங்கேத வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள், யார் காதிலும் சாதாரணமாக விழுகிற மாதிரி. அவள் அதைச் சொன்னால் நீங்கள் உடனே போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். அடையாள அட்டைகள், பையனின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல், கொஞ்சம் பணம், மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கட்டும். சண்டை முற்றும்போது சமையலறைக்கும் குளியலறைக்கும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றில் கத்தி இருக்கிறது, இன்னொன்றில் வெளியே போக வழி இல்லை. காயங்களின் படமும் தேதியும் அவள் போனில் இல்லாமல் உங்களிடம் சேரட்டும்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. மலேசியாவில் 1994-லிருந்து, இந்தியாவிலும் இலங்கையிலும் 2005-லிருந்து இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்க விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டம் பணத்தை முடக்குவதையும் வாயால் புண்படுத்துவதையும்கூட வன்முறையாகவே எழுதியிருக்கிறது, அவள் அந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் தருகிறது. முதலில் உங்கள் ஊரின் பெண்கள் உதவி எண்ணுக்கு நீங்களே பேசிப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை.

மாமாவின் அக்கம்பக்கத்தில் நம்பகமான ஒருவர் இருந்தால் அவரிடமும் பேசி வையுங்கள். 2008-இல் இந்தியாவில் ஒரு பிரசாரம் நடந்தது: பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் போய் மணியை அடியுங்கள், எதையாவது கேளுங்கள், அவ்வளவுதான். நான் முன்னே சொன்னேனே, மணி அடித்தால் அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வருவார் என்று, அதனால்தான் இது வேலை செய்கிறது. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பக்கத்துவீட்டுக்காரர் தனியாக உள்ளே நுழைந்து தடுக்கப் போகக் கூடாது, கதவோடு நிற்கட்டும். உகாண்டாவின் கம்பாலாவில் சில வருஷங்கள் தெருத் தெருவாக, ஆண்களும் பெண்களுமாக அக்கம்பக்கத்தவரே இந்த அதிகாரத்தைப் பற்றிப் பேசவைத்தார்கள். 2014-இல் வெளியான ஆய்வில், அப்படிப் பேசிய பகுதிகளில் துணைவரின் உடல்ரீதியான வன்முறை மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போவில் பெண்களுக்குச் சிறுகடனும் அதோடு சேர்த்து இதைப் பற்றிய வகுப்பும் கொடுத்துப் பார்த்தார்கள், 2006-இல் வந்த முடிவில் வன்முறை 55 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் வீட்டில் இதன் பொருள் சின்னது: அம்மா இனி "அனுசரிச்சுப் போ" என்று சொல்லக் கூடாது, அக்கா பெயரில் அவருக்குத் தெரியாத ஒரு வங்கிக் கணக்கு இருக்க வேண்டும்.

ஆனால் முதல் போனிலேயே இத்தனையையும் கொட்டிவிடாதீர்கள். மூன்று வாரம் பேசாத தம்பி திடீரென்று கழுத்து, போலீஸ், வங்கி என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவாள். "அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா, எப்ப வேணா வா" என்று சொல்லுங்கள். அவள் குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பையனுக்கு அந்தப் பல் விழுந்துவிட்டதா என்று கேளுங்கள்.